யார் சொல் அம்பலம் ஏறும்?

சம்பளம் இல்லை, முதலாளி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் மனத்தாங்கல் உண்டு, கோபம் உண்டு, பிரிவு உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இளைஞர்கள் கட்டி வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் குழுக்களை நிலைக்க வைப்பது எது?

2023 ஜனவரி கடைசியில் விழுப்புரத்தில் இரண்டு நாள் மாநாடு ஒன்று நடந்தது. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கூடிய சிறு மாநாடு அது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது. சென்னையையும் கோவையையும் விட்டுவிட்டு விழுப்புரத்தில் ஏன் என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வேலை தெரியாது. விழுப்புரம் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் வேலைக்குப் போகும் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் விடுமுறை நாளில் கூடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினியையும் நிரல் எழுதுவதையும் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் இந்த மாவட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிறது பனமலை. பெரிய ஏரி, கரையை ஒட்டிக் குன்று, குன்றின்மேல் பல்லவன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே எஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளோ படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 72 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மாநிலச் சராசரி 80. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டம் கிடைத்துவிடுகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்குக் கிடைக்காதது, பக்கத்தில் உட்கார்ந்து 'இதை நீயும் செய்யலாம், வா' என்று சொல்லும் ஒருவர்தான். அந்த ஒருவரைத்தான் இந்தக் குழுக்கள் தருகின்றன.

சென்னையில் 1998 முதலே லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. அங்கே ஒரு குழுவில் மனம் ஒட்டவில்லை என்றால் இன்னொன்றைத் தேடிப் போகலாம். பனமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு இன்னொன்று என்பது கிடையாது. ஆகவே இங்கே ஒரு குழு உடைந்தால் அது பெருநகரத்தில் ஒரு குழு உடைவதைவிடப் பெரிய இழப்பு. அதனால்தான் குழுவுக்குள் வரும் சச்சரவு பற்றியும் தலைமை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் போகிறவர்கள்

கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். நாம் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனின் அடியில் ஓடும் லினக்ஸ் கருநிரல் இப்படி வந்ததுதான். இந்த உலகில் நிறைய வேலை தன்னார்வத்தால் நடப்பது. யாரும் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை என்பதால் யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்கிவிடவும் முடியாது. கோபம் வந்தால் சம்பளத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போய்விடலாம்.

நம் சிறுநகரங்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. லினக்ஸ் குழு என்றில்லை, வாசகர் வட்டம், ரத்ததானக் குழு, ஏரி தூர்வாரும் இளைஞர் குழு எதை எடுத்தாலும் இதே கதைதான். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். 'ஊரில் விசேஷம்' என்பார்கள். அடுத்த வாரமும் வரமாட்டார்கள். ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியதாக ஒரு வரி வரும். யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள், கேட்டால் சங்கடம் என்று.

போனதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத் தெரியும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பாடக் குறிப்பு தயார் செய்தவர் பெயர் சுவரொட்டியில் விட்டுப்போயிருக்கும். மேடையில் பேச எப்போதும் அதே இரண்டு பேர் ஏறுவார்கள். நாற்காலி போட்டவரும் டீ வாங்கிவந்தவரும் எப்போதும் வேறு இரண்டு பேராக இருப்பார்கள். கூட்டம் ஆறு மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு ஏழரைக்கு முடிப்பார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பெண் அடுத்த வாரம் வீட்டில் அனுமதி கேட்கவே மாட்டாள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர் சொன்னது தீர்மானமாகும். அதையே தமிழில் முன்பே சொன்னவர் வாயை மூடிக்கொள்வார். யார் எந்தத் தெரு, எந்தக் கட்சி என்ற எண்ணம் கணினி முன் உட்கார்ந்ததும் கரைந்துவிடுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதில் தலைமை எப்படி வருகிறது என்று பாருங்கள். குழுவைத் தொடங்கியவர் ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் அவர் அண்ணன். இடம் கேட்டு அலைந்தது அவர், கைக்காசு போட்டது அவர், இணையதளத்தின் கடவுச்சொல்லும் அவரிடம், கல்லூரி முதல்வரின் தொலைபேசி எண்ணும் அவரிடம். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் பதவி கேட்கவில்லை. நல்ல மனிதர். அதனாலேயே அவரிடம் 'அண்ணா, இது சரியில்லை' என்று சொல்ல நாக்கு எழாது. நன்றி கெட்டவன் என்று ஆகிவிடுமோ என்ற அச்சம். அவருக்கும் பாரம், மற்றவர்களுக்கும் பாரம்; ஆனால் இரண்டு பாரமும் பேச்சில் வராது.

அமெரிக்கப் பெண்ணியரான ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில் பெண்கள் இயக்கக் குழுக்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். எங்களிடம் தலைவர் இல்லை, அமைப்பு இல்லை, எல்லோரும் சமம் என்று சொல்லும் குழுவிலும் தலைமை இருக்கத்தான் செய்கிறது. வெளியே தெரியாமல் இருப்பதால் அதைக் கேள்வி கேட்க முடியாமல் போகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கணினியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கட்டற்ற மென்பொருள் குழுக்களை நடத்துகிறவர்கள் இன்றுவரை அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

எழுதி வைத்த டெபியன்

விழுப்புரத்துக்கு மாநாடாக வந்த டெபியனிடமே இதற்கு ஒரு விடை இருக்கிறது. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது அது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் உறுப்பினர்கள். 1998 டிசம்பரில் தங்களுக்கென்று ஓர் அரசியல் சாசனத்தை எழுதி ஏற்றார்கள். அதன்படி ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி அடுக்குகிறார். இவர்களில் யாரும் வேண்டாம் என்ற இடமும் வாக்குச்சீட்டில் உண்டு. தலைவர் எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர்கள் பொதுத் தீர்மானம் கொண்டுவந்து அதை மாற்றலாம். தொழில்நுட்பத் தகராறுகளுக்குத் தனிக் குழு. பணத்தைப் பெற்று வைத்துக்கொள்வதும் தலைவரின் சொந்தக் கணக்கில் இல்லை, அதற்கென்று வேறு அமைப்பு.

இவ்வளவு இருந்தும் 2014-ல் டெபியன் கொந்தளித்தது. கணினியை இயக்கியதும் மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் முதல் நிரல் எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பழைய முறையா, சிஸ்டம்டி என்ற புதிய முறையா, வேறு ஒன்றா? வெளியாளுக்கு இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். தங்கள் வாழ்நாளில் பல ஆண்டுகளைக் கொட்டியவர்களுக்கு இது டெபியன் யாருடையது என்ற கேள்வியாக இருந்தது. தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்து, அவைத் தலைவரின் தீர்ப்பு வாக்கில்தான் சிஸ்டம்டி வென்றது. நவம்பருக்குள் குழுவின் மூத்தவர்கள் சிலர் பொறுப்பை விட்டு விலகினார்கள். ஏற்க முடியாதவர்கள் டெவுவான் என்ற பெயரில் தனியே போனார்கள்.

சாசனம் இருந்தும் பயனில்லையே என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. சாசனம் வலியைத் தடுக்கவில்லைதான். ஆனால் தோற்றவர்களுக்கும் எங்கே தோற்றோம், எந்த வாக்கில், என்ன காரணம் சொல்லித் தோற்றோம் என்று தெரிந்தது. எல்லாம் பதிவில் இருந்தது. பிரிந்து போனவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டே போனார்கள். டெபியன் இன்றும் நிற்கிறது, ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு. காரணமே தெரியாமல் ஆட்கள் கரைந்துபோகும் நம் ஊர்க் குழுவோடு இதை வைத்துப் பார்த்தால், உரக்கச் சண்டை போட்ட டெபியன்தான் ஆரோக்கியமாகத் தெரிகிறது.

பைத்தானின் அண்ணன் விலகிய கோடை

நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் முதலில் தொடும் நிரல்மொழி பைத்தான். அதை உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராசம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடைசி வார்த்தை அவருடையதுதான். அன்பான சர்வாதிகாரி, அதுவும் ஆயுளுக்கும் என்று மற்றவர்கள் பாசத்தோடு அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். 2018-ல் மொழியின் இலக்கணத்தில் ஒரு சின்னக் குறியைச் சேர்ப்பது பற்றி விவாதம் எழுந்தது. கணக்கிட்ட மதிப்பை, கணக்கிடும் அதே வரியில் ஒரு பெயருக்குக் கொடுக்கும் வசதி. அவ்வளவுதான். மாதக்கணக்கில் மடல்கள் பறந்தன, சொற்கள் தடித்தன. கீடோ அதை ஏற்றுக்கொண்டார். பிறகு ஜூலை 12 அன்று, இனி தீர்மானிக்கும் பொறுப்பில் தான் இல்லை என்று எழுதிவிட்டு விலகினார். ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனித் தன்னால் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். தனக்கு வாரிசு யார் என்றும் அவர் சொல்லவில்லை. நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று விட்டுவிட்டார்.

அதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். வாரிசை நியமித்திருந்தால் இன்னொரு அண்ணன் வந்திருப்பார். மாதக்கணக்கில் தலைமை இல்லாமல் இருந்தது பைத்தான். எப்படி ஆள்வது என்று பல திட்டங்கள் எழுதப்பட்டன, டிசம்பரில் வாக்கெடுப்பு. ஐந்து பேர் வழிகாட்டுக் குழு என்ற திட்டம் வென்றது. மொழியின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்குப் பிறகும் புதிய தேர்தல். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. 2019 தொடக்கத்தில் அமைந்த முதல் குழுவில் கீடோவும் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஐந்தில் ஒருவராக. அடுத்த தேர்தலில் ஒதுங்கிக்கொண்டார்.

அதே 2018 செப்டம்பரில் லினக்ஸ் கருநிரலைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பல ஆண்டுகளாகத் தான் மற்றவர்களைக் கடுமொழியால் காயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை நெறிகளும் அப்போது ஏற்கப்பட்டன. அவருடைய சிக்கல் வாய்த்துடுக்கு. நம்முடையது நேர் எதிர். நம் குழுக்களில் யாரும் யாரையும் மடையன் என்று எழுதுவதில்லை. மரியாதை குறையாமலே ஒருவரை ஓரங்கட்டிவிட முடியும். அதற்கு மேல்நாட்டு நடத்தை நெறியை அப்படியே எடுத்து ஒட்டினால் போதாது. 'இளையவர் பேசி முடிக்கும் வரை மூத்தவர் குறுக்கிடக் கூடாது' என்று நாமே ஒரு விதி எழுத வேண்டியிருக்கும்.

ஒற்றை ஆள் மீது ஏறிய பாரம்

தலைமை ஒருவரிடமே தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே நடுங்கிய உதாரணம் ஒன்று உண்டு. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. ஃபின்லாந்துக்காரரான லாசி காலின் என்ற தன்னார்வலர் பல ஆண்டுகளாக அதை ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்துவந்தார். 2022-ல் சில பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வரத் தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் குத்தினார்கள். நீண்ட காலமாகத் தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் அவர் பொதுவிலேயே சொன்னார். இரக்கம் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக, நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். பாரம் தாங்காதவர், தோள் கொடுக்க வந்தவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார்.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த இரண்டு வெளியீடுகளில் அந்த ஜியா டான் கள்ளவழி ஒன்றைப் புதைத்துவைத்தார். அது பரவியிருந்தால் உலகத்துச் சேவையகங்கள் எண்ணற்றவற்றுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்திருக்கலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்த அரை நொடியை அவர் அலட்சியம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இதைப் பாதுகாப்புச் செய்தியாகவே பலரும் எழுதினார்கள். எனக்கு இது முதலில் ஒரு குழுவின் கதை, குழு இல்லாமல்போனதன் கதை. களைத்துப்போன ஒருவரைச் சுற்றி நாலு பேர் இருந்து 'நீங்கள் ஒரு மாதம் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லியிருந்தால் அந்த நெருக்கடிக்கு வேலையே இருந்திருக்காது. விழுப்புரம் போன்ற ஊரில் யாரும் சேவையகத்தைக் கைப்பற்ற வரப்போவதில்லை. ஆனால் எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு, முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படும் அண்ணன்களும் அக்காக்களும் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்களின் கடமை.

பிரிந்துபோகும் உரிமையும் நம் ஆள்பலமும்

கட்டற்ற மென்பொருளில் ஒரு தனி உரிமை உண்டு. தலைமை பிடிக்கவில்லை என்றால் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே போய்விடலாம், சட்டம் தடுக்காது. 2010-ல் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்துதான் லிப்ரெ ஆபிஸ் வந்தது, மூலத்தைவிட நன்றாக வளர்ந்தது. 2014 கடைசியில் நோட் ஜேஎஸ் என்ற மென்பொருள் திட்டத்திலிருந்து கோபித்துப் பிரிந்தவர்கள் மறு ஆண்டே, நிர்வாக முறை மாறியதும், திரும்பி வந்து சேர்ந்தார்கள். தலைவர்களை நிதானமாக வைத்திருப்பது இந்த உரிமைதான்.

ஆனால் ஆள்பலம் உள்ளவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். தமிழ்க் கணிமையில் நாம் இதைப் பட்டு உணர்ந்திருக்கிறோம். 1990-களின் பின்பாதியில் இணையத்தில் தமிழ் எழுத ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டும். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மடல்களிலேயே விவாதித்து டிஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு தரங்களை ஏற்றுக்கொண்டது. இரு தரப்பிலும் அறிவும் உழைப்பும் இருந்தன, தமிழ்மீது பற்றும் இருந்தது. இரண்டும் பல ஆண்டுகள் தனித்தனியே நடந்தன. மாற்றிகள் எழுதுவதிலேயே நல்ல நிரலாளர்களின் காலம் போனது. யுனிகோடு பரவிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது; 2010-ல் அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. அதே 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. மென்பொருளைத் தமிழாக்கும் வேலைக்குக் விரல்விட்டு எண்ணும் அளவே ஆட்கள் இருக்கும்போது, அவர்கள் இரண்டாகப் பிரிந்தால் கிடைப்பது இரண்டு அரைகுறைத் தமிழாக்கங்கள்.

பிரியாமல் தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கும் தமிழில் சான்று உண்டு. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஈழத்தவரும் தமிழ்நாட்டவரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, எந்நாட்டு வழக்கில் எழுதுவது என்று அங்கே நடந்த உரையாடல்களைப் படித்தால் எவ்வளவு சூடு என்பது தெரியும். ஆனால் உரையாடல் முழுவதும் அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலேயே கிடக்கிறது, புதிதாக வருகிறவரும் படிக்கலாம். ரஷ்யா என்று தேடினாலும் உருசியா என்ற கட்டுரையில் போய் நிற்கும்படி வழிமாற்று அமைத்துவிட்டார்கள். வாதம் முடியவில்லை, வேலையும் நிற்கவில்லை.

வெளியிலிருந்து வந்த பெரிய சோதனையையும் அவர்கள் அப்படித்தான் எதிர்கொண்டார்கள். 2009-ஐ ஒட்டி, கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரை நீளமாக இருக்கும், தமிழ் தடுமாறும். ஏற்றியவரிடம் திருத்தச் சொன்னால் பதில் வராது, அவர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். வங்காள விக்கிப்பீடியர்கள் கதவை அடைத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்களிலும் அதே கோபம் கொண்டவர்கள் இருந்தார்கள். ஆயினும் பிழைகளை எடுத்துக்காட்டுகளோடு தொகுத்தார்கள், நிறுவனத்தோடு பேசினார்கள், நிபந்தனை வைத்தார்கள். 2010 ஜூலையில் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்த அனுபவத்தை உலகத்தார் முன் வைத்தார். சம்பளமில்லாத ஒரு சிறு குழு, உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடம் 'எங்கள் வீட்டில் எங்கள் முறை' என்று சொல்ல முடிந்தது, தங்களுக்குள் முன்பே பேசி ஒரு நிலைக்கு வந்திருந்ததால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கத்தில் இப்படிக் குழு நடத்துகிறவர்களுக்கு எதைச் சொல்ல? டெபியன் சாசனத்தை அப்படியே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். இருபது பேருக்கு அது மிகப் பெரிய சட்டை. ஆனால் முடிவுகளை எழுதி வையுங்கள் என்று சொல்வேன். கூட்டம் முடிந்ததும் என்ன தீர்மானித்தோம், யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்று பத்து வரி. அப்பாச்சி மென்பொருள் குழுக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: செய்யப்போவதை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு மூன்று நாள் காத்திருப்பார்கள். மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று கொள்வார்கள். நிரலில் ஒரு மாற்றத்தை மறுக்கிறவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், காரணமில்லாத மறுப்பு செல்லாது. கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் பெண்ணும், பேருந்து கிடைக்காமல் வர முடியாதவரும் இந்த மூன்று நாளில் எழுத்தில் சொல்லலாம். நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் முறை இது.

எதைப் பொதுவில் பேசுவது, எதைத் தனியே பேசுவது என்பதிலும் தெளிவு வேண்டும். எந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பது, எந்த ஊரில் முகாம் வைப்பது போன்றவை எல்லோர் முன்னிலையிலும் பேசப்பட வேண்டும். ஒருவரின் நடத்தை பற்றிய முறையீட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டு உடைக்கக் கூடாது. அதைக் கேட்க இரண்டு பேர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இருவரும் அண்ணனுக்கு மிக நெருங்கியவர்களாக இருக்கக் கூடாது. மூன்று வாரம் வராதவரை யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது என்ற பொறுப்பையும் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுக்கலாம். போனவர் திரும்பி வராவிட்டாலும் காரணம் கிடைக்கும்.

பணம் சிறியதாக இருக்கும்போதே கணக்கைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் என்றதும் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். 919, 921-ஆம் ஆண்டுகளின் அந்தப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஏரி வாரியமும் இந்த விதிக்கு உட்பட்டதுதான். பதவியில் இருந்தவரே திரும்பத் திரும்ப வராமலிருக்க இடைவெளியும் விதித்திருந்தார்கள். அன்றைய சபை எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இடம். அந்தக் குறையை விட்டுவிட்டு, கணக்கையும் இடைவெளியையும் மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு.

தலைமையைக் கைமாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதிலும் இந்த மாவட்டத்தில். இங்கே நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை சென்னைக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குப் போய்விடும். போக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடு. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குழு புது ஆட்களின் கைக்கு வந்தே தீரும். அதற்குத் தயாராக இருப்பதற்கு மூத்தவர்கள் சாகும்வரை வழிகாட்ட வேண்டியதில்லை. முதலாண்டு மாணவி ஒருத்தியை அடுத்த முகாமை நடத்தச் சொல்லிவிட்டு, அவள் தடுமாறும்போது மைக்கைப் பிடுங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். மண்டபத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது, புரொஜெக்டர் யார் வீட்டில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். இணையதளத்தின் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் இந்த ஆண்டு ஊரைவிட்டுப் போகாதவராக.